ஒரே சூட்டில் முடிக்கும் வேலை



இந்த அரங்கில் பாதிப்பேர் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள். மீதிப்பேர் சிப்காட் ஆலைகளில் ஷிப்டை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எழுதிய நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலரைப் பற்றிப் பேச கும்மிடிப்பூண்டிக்கு ஏன் வரவேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். திருவள்ளூர் மாவட்டம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களைச் செய்கிற மாவட்டம். ஆவடியில் டாங்கி, தேர்வாய் கண்டிகையில் டயர், அத்திப்பட்டில் மின்சாரம், இங்கே இரும்பு. கண்ணுக்கே தெரியாத கம்பைலருக்கு இங்கே என்ன வேலை?

வேலை இருக்கிறது. ஒரு காரியத்தை எந்த வரிசையில் செய்தால் செலவு குறையும் என்கிற கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள். அந்தக் கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் ரோலிங் மில்காரர்கள். அதனால் மென்பொருள்காரர்களிடம் இதைச் சொல்வதைவிட உங்களிடம் சொல்வது எனக்கு எளிது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய கணினியில் கணக்குப் போடுவது மலிவு. கணக்குக்கு வேண்டிய எண்களை நினைவகத்திலிருந்து சுமந்து வருவதுதான் செலவு. எழுதிய நிரலின் பொருள் மாறாமல், வேலையின் வரிசையை மட்டும் மாற்றி அந்தச் சுமையைக் குறைக்கும் கலைக்கு லூப் ஆப்டிமைசேஷன் என்று பெயர்; லூப் என்பது நிரலில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் பகுதி. கிராபிக்ஸ் பிராசசர் என்கிற ஜிபியு வந்த பிறகு இந்தக் கலை இல்லாமல் காலம் தள்ள முடியாது என்றாகிவிட்டது.

பில்லட்டும் எண்ணும்

இங்குள்ள மில்லில் என்ன நடக்கிறது? இண்டக்ஷன் பர்னஸில் ஸ்கிராப்பை உருக்கி பில்லட் வார்க்கிறார்கள். அது ஆறியதும் அடுக்கி வைக்கிறார்கள். பிறகு ரீஹீட்டிங் பர்னஸில் வைத்து 1,100, 1,200 டிகிரிக்கு மறுபடியும் சூடேற்றி, ஸ்டாண்டு ஸ்டாண்டாக உருட்டிக் கம்பியாக்குகிறார்கள். ஒரு தடவை சூடேற்றிய பில்லட்டை எல்லா ஸ்டாண்டிலும் விட்டு முடித்துவிட்டால் லாபம். ஒரு ஸ்டாண்டில் உருட்டிவிட்டு ஆறப்போட்டு, அடுத்த ஸ்டாண்டுக்கு மறுபடி சூடேற்றினால் எரிபொருளும் போகும், மேல்தோல் ஸ்கேலாக உதிர்ந்து எடையும் போகும். அப்படி எந்த மில்லும் செய்யாது. ஆனால் சாதாரணமாக எழுதிய நிரல் அப்படித்தான் செய்கிறது.

நினைவகத்தில் இருக்கும் எண் ஆறிய பில்லட். பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான கேஷ் நினைவகத்துக்குள் வந்துவிட்ட எண் சூடான பில்லட். கொண்டு வந்த எண்ணை வைத்துச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அது கேஷில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அதுதான் டைலிங்: பெரிய வேலையைக் கேஷில் அடங்கும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரே சூட்டில் முடிப்பது. சில மில்களில் வார்த்த பில்லட்டை ஆறவிடாமல் நேரே உருட்டப் போவார்கள். ஹாட் சார்ஜிங் என்பீர்கள். கம்பைலரில் அதற்கு இணை லூப் ஃபியூஷன்: ஒரு லூப் உண்டாக்கிய எண்ணை நினைவகத்துக்குத் திருப்பி அனுப்பாமல், அடுத்த லூப்பின் வேலையையும் அங்கேயே சேர்த்துச் செய்வது.

ஒரு பில்லட்டின் கணக்கு

உங்கள் பர்னஸிலேயே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 125 மில்லிமீட்டர் சதுரம், 6 மீட்டர் நீளமுள்ள ஒரு பில்லட். பர்னஸில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் அதன் நடுப்பகுதி எப்போது எவ்வளவு சூடாகும்? இதைக் கணினியில் பார்க்கப் பில்லட்டை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளாகப் பிரிக்கிறோம். 125-ஐ 125-ஆல் பெருக்கி, 6,000-ஆல் பெருக்கினால் 9 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் புதிய வெப்பநிலையும் அதன் பழைய வெப்பநிலையையும், மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று பக்கத்திலிருக்கும் ஆறு புள்ளிகளின் பழைய வெப்பநிலையையும் பொறுத்தது. நொடிக்கு நாற்பது படி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 1,44,000 படிகள்.

ஒரு எண்ணுக்கு 4 பைட். ஒரு படியில் எல்லாப் புள்ளிகளையும் ஒரு தடவை படித்து, ஒரு தடவை எழுத வேண்டும். அதற்கு முக்கால் ஜிகாபைட் போக்குவரத்து. எல்லாப் படிகளுக்கும் சேர்த்து 1,08,000 ஜிகாபைட். நொடிக்கு 40 ஜிகாபைட் தரும் நல்ல மேசைக் கணினியில் இந்தச் சுமைக்கு மட்டும் 2,700 நொடி, அதாவது 45 நிமிடம் ஆகும். கணக்குப் போட எவ்வளவு ஆகும்? ஒரு புள்ளிக்கு எட்டுக் கூட்டல், பெருக்கல் என்று வைத்தால் மொத்தம் சுமார் 108 லட்சம் கோடி கணக்கு. நொடிக்கு 50,000 கோடி கணக்குப் போடும் எட்டு கோர் பிராசசருக்கு இது நான்கு நிமிட வேலைகூட இல்லை.

நான்கு நிமிட வேலைக்கு 45 நிமிடம் காத்திருக்கிறோம். மீதி நேரமெல்லாம் பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு எண்கள் வந்து சேருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பர்னஸில் இருக்கும் பில்லட்டுக்கு 45 நிமிடம் கழித்து விடை கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வது? ஐந்து நிமிடத்தில் கிடைத்தால் பர்னரைக் கூட்டலாம், குறைக்கலாம். வேகம் என்பது இங்கே வீம்புக்குக் கேட்பது அல்ல. விடை பயன்படுமா, பயன்படாதா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது.

சரி, டைலிங் செய்துவிட வேண்டியதுதானே? பில்லட்டில் கேஷில் அடங்கும் ஒரு துண்டை எடுத்து, அதைப் பத்துப் படி முன்னே கொண்டுபோய்விட்டு, அடுத்த துண்டுக்குப் போகலாம். சுமை பத்தில் ஒரு பங்காகும். 2,700 நொடி 270 நொடியாகும். ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. துண்டின் ஓரத்தில் இருக்கும் புள்ளிக்கு இரண்டாவது படியில் பக்கத்துத் துண்டின் முதல் படி விடை வேண்டும். பக்கத்துத் துண்டை நாம் இன்னும் தொடவே இல்லை. அதைத் தொட்டால் அதன் ஓரத்துக்கு இந்தத் துண்டின் விடை வேண்டும். இந்தக் கட்டாயத்துக்குத்தான் சார்பு என்று பெயர். எது முடிந்த பிறகு எது தொடங்கலாம் என்பதை அது சொல்கிறது. அதை மீறினால் நிரல் வேகமாக ஓடும், விடை தப்பாக வரும்.

வழி இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் துண்டை ஒரு புள்ளி இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். செங்குத்தாக இருந்த துண்டு சாய்ந்த துண்டாகிவிடும். இப்போது ஓரப் புள்ளிக்கு வேண்டிய எண்கள் ஒன்று அதே துண்டில் இருக்கும், அல்லது ஏற்கெனவே முடித்துவிட்ட இடப்பக்கத் துண்டில் இருக்கும். இனிமேல் செய்யப்போகும் துண்டிடம் கையேந்த வேண்டிய தேவையே இல்லை. கணக்கு அதேதான், விடையும் அதேதான், வரிசைதான் மாறியது. இந்தச் சாய்ப்பை மனிதர் யோசித்துக் கண்டுபிடிக்காமல் கம்பைலரே கண்டுபிடிக்குமா? ஐம்பது ஆண்டுகளாகப் பலர் உழைத்தது இந்தக் கேள்விக்குத்தான்.

இது வந்த வழி

கம்பைலரின் கதை தொடக்கத்திலிருந்தே லூப்பின் கதைதான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 704 கணினிக்காக 1957-இல் ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டபோது, கையால் எழுதும் நிரலின் வேகத்துக்கு இயந்திரம் எழுதும் நிரல் வராது என்றே பலரும் நினைத்தார்கள். அந்தச் சந்தேகத்தை உடைக்க வேண்டியிருந்ததால், முதல் ஃபோர்ட்ரான் கம்பைலரே லூப்களைச் சீர்செய்வதில் பெரும் உழைப்பைச் செலவிட்டது. அதே ஐபிஎம்மில் பிரான்சஸ் ஆலன் இந்தத் துறைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர். 2006-இல் டூரிங் விருது பெற்றார்; அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

1967-இல் கார்ப், மில்லர், வினோகிராட் மூவரும் நம் பில்லட் கணக்கைப் போன்ற, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைச் சார்ந்த கணக்குகளை எந்த வரிசையில் செய்யலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். 1974-இல் லெஸ்லி லாம்போர்ட், லூப்களைச் சாய்தளங்களாக வெட்டி, ஒரே தளத்தில் இருப்பவற்றை ஒரே நேரத்தில் செய்யும் முறையைச் சொன்னார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் பால் ஃபோட்ரியே இதை முழுக் கணித வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கணிதத்தின் சாரம் இது. லூப்பின் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியாக எண்ணுங்கள். மூன்று அடுக்கு லூப் என்றால் மூன்று திசைகளில் அந்தப் புள்ளிகள் பரவியிருக்கும். லூப்பின் தொடக்கமும் முடிவும் அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. அப்படி உருவாகும் பலமுகத் திண்மத்தை வைத்து இந்த முறைக்குப் பாலிஹெட்ரல் முறை என்று பெயர். எந்தச் சுற்று எந்தச் சுற்றைச் சார்ந்தது என்பதை அம்புகளாக வரையுங்கள். புதிய வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டால், எல்லா அம்புகளும் அதில் முன்னோக்கியே போக வேண்டும்; பின்னோக்கிப் போகும் ஓர் அம்பு இருந்தாலும் அந்த வரிசை செல்லாது. லட்சக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. சுவர்களும் அம்புகளும் நேரியல் கட்டுப்பாடுகள் என்பதால், முழு எண் நேரியல் திட்டமிடல் என்கிற கணக்காக மாற்றி விடை காணலாம். லூப் நூறு சுற்றானாலும் நூறு கோடி சுற்றானாலும் அந்தக் கட்டுப்பாடுகளின் எண்ணிக்கை மாறாது.

ஆனால் செல்லுபடியாகும் வரிசைகள் எத்தனையோ இருக்கும். அவற்றில் எது நல்லது? இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பக்கத்துப் பெயர்கள் வருகின்றன.

சென்னையிலிருந்து போனவர்கள்

முதல் பெயர் பி. ராமகிருஷ்ண ராவ். சென்னை ஐஐடியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். லூப்பின் ஒரு சுற்று முடியும்வரை காத்திருக்காமல், அடுத்தடுத்த சுற்றுகளைக் குறித்த இடைவெளியில் தொடங்கிவிடும் மாடுலோ ஷெட்யூலிங் முறைக்கு 1981-இல் அவரும் கிளேசரும் எழுதிய கட்டுரைதான் அடித்தளம். 2002-இல் கணினிக் கட்டமைப்புத் துறையின் பெரிய விருதான எக்கர்ட்-மாக்லி விருதைப் பெற்றார். அதே ஆண்டு காலமானார். இன்றும் அவர் பெயரில் ஐஇஇஇ ஒரு விருது வழங்குகிறது.

அடுத்து பி. சடையப்பன், ஜெ. ராமானுஜம். இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். 1991-லேயே இருவரும் சேர்ந்து, தனித்தனி நினைவகம் கொண்ட இயந்திரங்களுக்கு லூப்களை எப்படித் துண்டுபோடுவது என்று எழுதினார்கள். அமெரிக்காவின் ஓஹியோ அரசுப் பல்கலைக்கழகத்தில் சடையப்பனின் குழு பல ஆண்டுகள் இந்த வேலையிலேயே ஊன்றி நின்றது. அந்தக் குழுவில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் உதய் பொந்துகுலா. அவரும் சென்னை ஐஐடியில் 2004-இல் பட்டம் பெற்றவர்தான்.

2008-இல் உதய் பொந்துகுலா, ஆல்பர்ட் ஹார்டோனோ, ராமானுஜம், சடையப்பன் நால்வரும் வெளியிட்ட புளூட்டோ என்கிற கருவி, எது நல்ல வரிசை என்ற கேள்விக்கு நேரடியான விடை சொன்னது. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு எவ்வளவு எண் கைமாற வேண்டியிருக்கிறதோ அதைக் குறைக்கும் வரிசையே நல்ல வரிசை. சுமை குறைவதையே அளவுகோலாக வைத்து, அதையும் அந்த நேரியல் கணக்குக்குள்ளேயே சேர்த்தார்கள். சி மொழியில் சாதாரணமாக எழுதிய லூப்பைக் கொடுத்தால், சாய்த்து, துண்டுபோட்டு, பல கோர்களில் ஓடும் நிரலாகப் புளூட்டோ திருப்பித் தந்தது. பத்தாண்டு கழித்து, புளூட்டோ பற்றிய கட்டுரை வந்த மாநாட்டின் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அதிகத் தாக்கம் உண்டாக்கியது இதுதான் என்று துறையினரே விருது கொடுத்தார்கள்.

சாய்ந்த துண்டுகளில் ஒரு குறை உண்டு. இடப்பக்கத் துண்டு முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். ஆகவே முதலில் ஒரு கோர், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று வேலை மெல்லத்தான் பரவும். அதுவரை மற்ற கோர்கள் சும்மா இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த உதய் பொந்துகுலாவும் அவருடைய மாணவர்களும் 2012-இல் இதற்கு வைர வடிவத் துண்டுகளைத் தீர்வாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் குறுகும் அந்தத் துண்டுகளில் ஒரு வரிசை முழுவதையும் எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

ஜிபியு கேட்பது வேறு

2006 நவம்பரில் என்விடியா நிறுவனத்தின் 8800 ஜிடிஎக்ஸ் அட்டை 128 சிறு பிராசசர்களோடு வந்தது. அடுத்த ஆண்டு அதற்கு நிரல் எழுத உதவும் குடா என்ற தளம் வந்தது. வீடியோ கேமுக்காகச் செய்த அட்டையில் பொறியியல் கணக்குப் போடலாம் என்றானது. ஆசை வந்தது, கூடவே தலைவலியும் வந்தது.

ஜிபியுவில் தனித்தனி வேலை இழைகளான திரெட்கள் 32 சேர்ந்தால் ஒரு வார்ப். முப்பத்திரண்டும் ஒரே கட்டளையை ஒன்றாகச் செய்யும். அவை கேட்கும் 32 எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்தால், 128 பைட்டும் ஒரே தவணையில் வந்து சேரும். தூரம் தூரமாகச் சிதறியிருந்தால் 32 தவணை வேண்டும். சிபியு என்கிற சாதாரண பிராசசரில் விதி வேறு: ஒரே கோர் அடுத்தடுத்த எண்களைத் தானே வரிசையாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஜிபியுவில் அடுத்தடுத்த திரெட்கள் அடுத்தடுத்த எண்களை ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஆக, சிபியுவுக்கு நல்லதாக அமைந்த லூப் வரிசையை அப்படியே ஜிபியுவுக்குக் கொடுத்தால் அங்கே அது படுத்துவிடும்.

அடுத்தது, ஷேர்டு மெமரி என்கிற சிறு நினைவகம். சிபியுவின் கேஷ் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தானே பார்த்துக்கொள்ளும். ஷேர்டு மெமரியில் எதை எப்போது கொண்டுவந்து வைப்பது என்று நிரல்தான் சொல்ல வேண்டும். முதல் தலைமுறையில் அது வெறும் 16 கிலோபைட். கொண்டுவந்த பிறகு எல்லாத் திரெட்டும் வந்து சேரும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்பை ஓரிடத்தில் மறந்தால், விடை ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் தப்பாக வரும்.

இத்தனையையும் கம்பைலர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இறங்கியவர் சடையப்பன் குழுவைச் சேர்ந்த முத்து மணிகண்டன் பாஸ்கரன். 2008-இல் ஒரு கட்டுரை. 2010-இல் ராமானுஜம், சடையப்பன் இருவரோடு சேர்ந்து, சாதாரண சி நிரலைத் தானாகவே குடா நிரலாக மாற்றும் முறையை வெளியிட்டார். எந்த லூப்பைத் திரெட் தொகுதிகளுக்குப் பங்கிடுவது, எதைத் தனித்தனித் திரெட்களுக்கு விடுவது, எந்த எண்களை ஷேர்டு மெமரிக்கு நகலெடுத்தால் லாபம், எங்கே நிறுத்திக் காத்திருப்பது என்று எல்லா முடிவுகளையும் அதே பாலிஹெட்ரல் கணிதத்திலிருந்து எடுத்தார்கள். குடா வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்த நேரம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

ஜிபியுவுக்கு நிரல் எழுதுவதில் எல்லாமே பேரம்தான். 2020-இல் வந்த ஏ100 ஜிபியுவை எடுத்துக்கொள்வோம். அதில் 108 பிராசசர் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் எண்களைக் கையருகே வைத்துக்கொள்ள 65,536 ரெஜிஸ்டர்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 2,048 திரெட்கள் குடியிருக்கலாம். வகுத்தால் ஆளுக்கு 32 ரெஜிஸ்டர். லூப்பை விரித்து எழுதினால் ஒரு திரெட் அதிக வேலையை ஒரேயடியாகச் செய்யும். ஆனால் அதற்கு 64 ரெஜிஸ்டர் வேண்டியிருந்தால் குடியிருக்கும் திரெட்கள் 1,024-ஆகக் குறைந்துவிடும். ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்று வேலை செய்யும் என்பதுதான் ஜிபியுவின் பலம். ஆள் குறைந்தால் அந்தப் பலம் குறைகிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பதைக் கம்பைலர் ஒவ்வொரு லூப்புக்கும் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

நம் பில்லட்டை ஏ100-இல் போட்டுப் பாருங்கள். அதன் உச்ச வேகம் நொடிக்கு 19.5 லட்சம் கோடி கணக்கு. நினைவக வேகம் நொடிக்கு 1,555 ஜிகாபைட். கணக்குக்கு வேண்டியது ஆறு நொடிகூட இல்லை. சுமைக்கு வேண்டியது 69 நொடி. இவ்வளவு விலையுள்ள இயந்திரத்திலும் பழைய கதைதான். ஓர் எண் நினைவகத்திலிருந்து வந்து சேரும் நேரத்தில் ஐம்பது கணக்குப் போட்டுவிடலாம். அதனால் ஜிபியுவில் இன்னொரு தந்திரமும் செல்லுபடியாகிறது. பக்கத்துத் துண்டின் விடைக்குக் காத்திருப்பதற்குப் பதில், ஓரப் புள்ளிகளை இரண்டு துண்டுகளுமே தனித்தனியாகக் கணக்கிட்டுக்கொண்டால் முடிந்தது. ஒரே கணக்கை இரண்டு தடவை போடுவது வீண் என்று நமக்குத் தோன்றும். சுமப்பதைவிட மறுபடி போடுவது மலிவு என்றால் மறுபடி போடுவதே சரி. சடையப்பன் குழுவினர் 2012-இல் இந்த மேற்கவியும் துண்டு முறைக்குத் தானியங்கி நிரல் உருவாக்கத்தைக் காட்டினார்கள்.

இன்றைய நிலவரம்

இன்று ஜிபியு என்றால் செயற்கை நுண்ணறிவு என்றாகிவிட்டது. அங்கேயும் அடியில் ஓடுவது இதே லூப்கள்தான். பெரும்பாலும் அணிப் பெருக்கல், மூன்றடுக்கு லூப். கூகுள் 2019-இல் எம்எல்ஐஆர் என்ற கம்பைலர் அடித்தளத்தை வெளியிட்டது. இப்போது அது எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் திட்டத்தின் பகுதி. அதன் தொடக்கக் காலத்தில் பாலிஹெட்ரல் சிந்தனையை உள்ளே கொண்டுவந்தவர்களில் உதய் பொந்துகுலா முக்கியமானவர். புளூட்டோவின் கருத்து ஆய்வகத்தைத் தாண்டி உலகம் பயன்படுத்தும் கருவிக்குள் போய்ச் சேர்ந்த வழி அது. ஃபிலிப் டில்லே 2019-இல் வெளியிட்ட டிரைட்டன் மொழி வேறு வழியில் போனது: துண்டுகளை மனிதர் சொல்லட்டும், துண்டுக்குள் நடப்பதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்றது. 2023-இல் வந்த பைடார்ச் 2.0 என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஜிபியுவுக்கு டிரைட்டன் நிரலைத் தானாகவே எழுதுகிறது. இன்று செயற்கை நுண்ணறிவில் வேலை செய்யும் பலர், தங்களுக்குக் கீழே ஒரு கம்பைலர் லூப்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதை அறியாமலே வேலை செய்கிறார்கள்.

கம்பைலரால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. லூப்பின் எல்லையும் எண்களின் இடமும் நேரியல் கோவையாக இருந்தால்தான் பாலிஹெட்ரல் கணிதம் நன்றாக வேலை செய்யும். சுட்டிகள் மேல் சுட்டிகளாகப் போகும் தரவு, எந்த எண் எங்கே இருக்கிறது என்று ஓடும்போதுதான் தெரியும் கணக்கு, இவற்றில் அது திணறும். சென்னை ஐஐடியில் ரூபேஷ் நஸ்ரே குழு உருவாக்கிய ஸ்டார்பிளாட் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. வலைப்பின்னல் கணக்குகளுக்கென்றே ஒரு சிறு மொழி. அதில் ஒரு தடவை எழுதினால் பல கோர் கணினிக்கும், கணினித் தொகுதிக்கும், ஜிபியுவுக்கும் தனித்தனி நிரலை அது உருவாக்கித் தரும்.

இன்னொரு எல்லையும் உண்டு. கம்பைலர் வரிசையை மாற்றும்; கணக்கையே வேறு விதமாக யோசிக்காது. 2022-இல் வந்த ஃபிளாஷ் அட்டென்ஷன் நல்ல எடுத்துக்காட்டு. மொழி மாதிரிகளின் நடுநாயகமான கணக்கில் உண்டாகும் ஒரு பெரிய இடைநிலை அணியை நினைவகத்துக்கு அனுப்பாமலே, துண்டு துண்டாக அங்கேயே முடித்துவிடுகிறது. அதற்காகப் பயிற்சியின்போது சில கணக்குகளை மறுபடியும் போடுகிறது. இருந்தும் வேகமாக முடிகிறது. இது டைலிங்கும் ஃபியூஷனும்தான். ஆனால் அதைச் சாத்தியமாக்க, கணக்கின் நடுவே வரும் மொத்தக் கூட்டலைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் ஓர் இயற்கணித யுக்தி தேவைப்பட்டது. அந்த யுக்தியைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள் மனிதர்கள். எந்த இடத்தில் மனித மூளை வேண்டும் என்பது தெரிந்தவருக்குத்தான் கம்பைலரை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

உங்களிடம் கேட்பது

2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இந்தியா ஏஐ திட்டத்துக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. அதில் பெரிய பங்கு ஜிபியு வசதிகளுக்கு. 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃபிளாப் திறனோடு பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கினார்கள். இயந்திரம் வருகிறது. அதில் ஓடும் நிரல் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணுக்காகக் காத்திருந்தால், பத்து அட்டை வாங்கி ஓர் அட்டையின் வேலையை வாங்குகிறோம் என்று பொருள். நான் சொன்ன பெயர்களில் பலரும் சென்னையில் படித்து, ஓஹியோவிலும் கலிஃபோர்னியாவிலும் வேலை செய்தவர்கள். திரும்பி வந்தவர் பெங்களூருக்கு வந்தார். வடசென்னையிலிருந்து ஆரம்பாக்கம்வரை இத்தனை ஆலைகள் இருக்கும் இந்தப் பாதையில் இந்த வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு மூன்று காரியம் சொல்கிறேன். முதலாவது, 1,000-க்கு 1,000 அணிப் பெருக்கலைச் சி மொழியில் மூன்று லூப்பாக எழுதுங்கள். மூன்று லூப்களை ஆறு வரிசைகளில் மாற்றி அடுக்கலாம். ஆறையும் ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நூறு கோடிப் பெருக்கலுக்கு இத்தனை வித்தியாசமா என்று பார்ப்பீர்கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடிந்த நாளில் உங்களுக்குக் கம்பைலர் புரியத் தொடங்கிவிட்டது. இரண்டாவது, புளூட்டோ திறந்த மூல மென்பொருள். இறக்கி, உங்கள் லூப்பைக் கொடுத்து, அது திருப்பித் தரும் நிரலை வரிவரியாகப் படியுங்கள். மூன்றாவது, சொந்தமாக ஜிபியு இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கூகுள் கோலாப்பில் இலவசமாகவே ஒரு ஜிபியு கிடைக்கும். கற்றுக்கொள்ள அது போதும்.

ஆலைகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில்லட்டின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடும் ஆபரேட்டர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த அனுபவம் எந்த நிரலுக்கும் இல்லை. ஆனால் பில்லட்டின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அதைக் கணக்குதான் சொல்லும். உங்கள் பர்னஸின் அளவுகளையும் வெப்பப் பதிவுகளையும் பக்கத்துக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கொடுங்கள். இணையத்தில் எடுத்த பழைய புராஜெக்ட்டையே திருப்பித் திருப்பிச் செய்யும் பிள்ளைகளுக்கு ஓர் உண்மையான கணக்கு கிடைக்கும். உங்களுக்கு எரிபொருள் மிச்சமாகலாம். கல்லூரி ஆசிரியர்களே, கம்பைலர் பாடத்தைத் தேர்வுக்கான இலக்கணப் பகுப்போடு நிறுத்திவிடாதீர்கள்; லூப்வரை கொண்டுபோங்கள், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த கல்வியாண்டில் ஒரு கல்லூரியும் ஒரு மில்லும் சேர்ந்து ஒரே ஒரு பில்லட்டின் கணக்கை முடித்துக் காட்டினால், இந்த உரைக்கு அதைவிட நல்ல பதில் வேறு இல்லை.